வருடத்துக்கு ஒரு நிமோனியா: பெரியவர்களின் பிறவி எதிர்ப்புக் குறைபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது, அப்புறம் என்ன செய்வது

முப்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு வருடா வருடம் நிமோனியா வந்தால், நம் ஊரில் அதற்குச் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. பனியில் பைக் ஓட்டினாய். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்தாய். உனக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை. இந்தக் கடைசிக் காரணம் சிலருக்கு எழுத்துக்கு எழுத்து உண்மை. ரத்தத்தில் இருக்க வேண்டிய எதிர்ப்புப் புரதத்தில் பாதிகூட அவர்களிடம் இருக்காது. சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றே அதைக் காட்டிவிடும். ஆனால் அந்தப் பரிசோதனையை யாரும் எழுதித் தராமலேயே பல வருடங்கள் ஓடிவிடுகின்றன.

டாக்டர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. காதில் சீழ் வந்தால் காது மூக்கு தொண்டை டாக்டர், நெஞ்சுச் சளிக்கு நுரையீரல் டாக்டர், பேதி நிற்காவிட்டால் குடல் டாக்டர். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கும் நோயைச் சரியாகத்தான் குணப்படுத்துகிறார். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்த வேலை நம் தலையில் விழுகிறது. அதை எப்படிச் செய்வது என்று, இந்த நோயோடு வாழும் ஒருத்தியாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே வரும் மருந்து அளவுகள் உங்கள் டாக்டரோடு பேசுவதற்கு மட்டும்தான்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

பிறவியிலேயே மரபணுவில் இருக்கும் கோளாறால் நோய் எதிர்ப்பு பலவீனப்படும் நோய்கள் ஐநூறுக்கும் மேல் இன்று தெரியும். பெரும்பாலானவை குழந்தைப் பருவத்திலேயே வெளிப்படுபவை. 1952இல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப நிமோனியா வந்த எட்டு வயதுப் பையனின் ரத்தத்தில் காமா குளோபுலின் என்ற புரதமே இல்லை என்று கண்டார். இந்தத் துறைக்கு அதைத்தான் தொடக்கம் என்பார்கள். அடுத்த வருடமே, 39 வயதுப் பெண் ஒருவருக்கும் இதேபோன்ற குறைபாடு இருந்ததை சார்லஸ் ஜேன்வே குழுவினர் பதிவு செய்தார்கள். ஆக, பெரியவர்களுக்கும் இது வரும் என்பது எழுபது வருடமாகத் தெரிந்த விஷயம்.

பிறவி என்றால் பிறந்த நாளிலிருந்தே நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பெரியவர்களைச் சிகிச்சை வரை கொண்டுவரும் வகைகளில் முதலிடம் பிடிப்பது காமன் வேரியபிள் இம்யூனோடெஃபிஷியன்சி, சுருக்கமாக சிவிஐடி. சுமார் 25,000 பேரில் ஒருவரிலிருந்து 50,000 பேரில் ஒருவர் வரை இருக்கும் என்று கணிக்கிறார்கள். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டில் ஜெயித்தவர்கள்கூட இதில் உண்டு. இந்தக் கட்டுரையில் முக்கால்வாசி சிவிஐடியைப் பற்றித்தான். மற்ற வகைகள் நடுவில் தலைகாட்டும்.

முதல் வேலை: ஒரே தாளில் எழுதுங்கள்

ஃபைல் ஃபைலாகத் தூக்கிக்கொண்டு போனால் எந்த டாக்டரும் முழுதாகப் படிக்க மாட்டார். ஓ.பி.யில் அவருக்கு நேரம் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளுக்குள் அடக்குங்கள். ஒரு தொற்றுக்கு ஒரு வரி. எந்த மாதம், எந்த வருடம், உடம்பில் எங்கே, எப்படி உறுதி செய்தார்கள் என்பதில் எக்ஸ்ரேயா, சி.டி. ஸ்கேனா, கல்ச்சரா, வெறும் ஸ்டெதாஸ்கோப்பா, என்ன ஆன்டிபயாடிக், எத்தனை நாள், மாத்திரையா ஊசியா, அட்மிட் ஆனீர்களா.

உதாரணத்துக்கு ஒரு வரி இப்படி இருக்கும்: "2021 நவம்பர், வலது கீழ் நுரையீரல் நிமோனியா, எக்ஸ்ரேயில் தெரிந்தது, ஊசி 5 நாள், மாத்திரை 7 நாள், அட்மிஷன் உண்டு." இதை எழுதினாலே போதும். "அடிக்கடி சளி பிடிக்கும் சார்" என்று வாயால் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். அதே ஆள் எக்ஸ்ரே தேதியோடு மூன்று நிமோனியாவை வரிசையாகக் காட்டினால் பேனா நிற்கும்.

எழுதும்போது மூன்றை விட்டுவிடாதீர்கள். ஒன்று, உடல் எடை எப்படிக் குறைந்தது என்பது. இரண்டு, தொற்றாகத் தெரியாத நோய்கள். ரத்தத் தட்டணு திடீரென்று குறைந்தது, ரத்தச் சிவப்பணுக்கள் தாமாக உடைந்தது, மண்ணீரல் வீக்கம், காரணம் தெரியாத நெறிக்கட்டி எல்லாம் இதில் வரும். சிவிஐடி உள்ளவர்களில் கணிசமானோருக்கு உடம்பு தன்னையே தாக்கும் இந்த வகைக் கோளாறும் சேர்ந்தே இருக்கும். தொற்று வருவதற்கு முன்பே தட்டணுக் குறைவு வந்தவர்களும் உண்டு. மூன்று, காசநோய் மருந்து எப்போதாவது சாப்பிட்டிருந்தால், எந்த ஆதாரத்தின் பேரில் ஆரம்பித்தார்கள் என்பது. சளியில் கிருமி தெரிந்ததா, அல்லது ஸ்கேனில் நிழல் இருக்கிறது என்று ஆரம்பித்தார்களா? சிவிஐடியில் நுரையீரலிலும் நெறிக்கட்டிகளிலும் கிரானுலோமா என்ற திரளைகள் உருவாகலாம். நம் நாட்டில் கிரானுலோமா என்றாலே காசநோய் என்றுதான் முதலில் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். ஆனால் கிருமி ஒருபோதும் அகப்படாமல் இரண்டாவது முறையும் காசநோய் மருந்து ஆரம்பிக்கிறார்கள் என்றால், அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். கேள்விதான் கேட்கலாம், மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

சந்தேகப்பட வேண்டியவரா நீங்கள்?

வருடத்துக்கு நாலைந்து தடவை மூக்கு ஒழுகுவதெல்லாம் கணக்கில்லை. எல்.கே.ஜி. போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்கு மேலும் வரும். ஜெஃப்ரி மோடெல் அறக்கட்டளை பெரியவர்களுக்கென்று பத்து எச்சரிக்கை அடையாளங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம்: ஒரு வருடத்துக்குள் இரண்டு காதுத் தொற்று, அலர்ஜி இல்லாமல் ஒரு வருடத்துக்குள் இரண்டு சைனஸ் தொற்று, தொடர்ந்து வருடத்துக்கு ஒரு நிமோனியா, எடை குறையும்படியான நீடித்த பேதி, திரும்பத் திரும்ப வரும் அக்கி, மரு போன்ற வைரஸ் தொல்லைகள், ஊசி ஆன்டிபயாடிக் போட்டால்தான் தொற்று அடங்கும் நிலை, தோலிலோ உள்ளுறுப்பிலோ ஆழமான சீழ்க்கட்டிகள், விடாத பூஞ்சைத் தொற்று, சாதாரணமாக யாருக்கும் தீங்கு செய்யாத காசநோய் இனக் கிருமிகளால் நோய், குடும்பத்தில் இந்த நோய் இருப்பது.

எந்த மாதிரித் தொற்று என்பதிலேயே எங்கே பழுது என்ற துப்பும் கிடைத்துவிடும். எனக்கு இந்தத் துறையில் பிடித்த பகுதி இது. காது, சைனஸ், நுரையீரல் என்று சீழ்பிடிக்கும் பாக்டீரியா சுற்றிச் சுற்றி வந்தால், கூடவே ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் பேதியும் இருந்தால், பழுது ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தில், அதாவது சிவிஐடி பக்கம். கல்லீரலில் சீழ்க்கட்டி, நெறிக்கட்டிச் சீழ், நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை என்றால் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல முடியாத நாள்பட்ட கிரானுலோமா நோயா என்று பார்க்க வேண்டும். இருபது முப்பது வயதில் முதல்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அதிலும் உண்டு. மெனிங்கோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் இரண்டாவது முறை வந்தால் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதியைச் சோதிக்கும் சிஎச்50 பரிசோதனை. சின்ன வயதிலிருந்து எக்சிமா, சூடோ வலியோ அதிகமில்லாத சீழ்க்கட்டிகள், விழாமல் தங்கிய பால் பற்கள், ஐஜிஇ என்ற ஆன்டிபாடி ஆயிரக்கணக்கில் ஏறியிருப்பது எல்லாம் சேர்ந்தால் ஹைப்பர் ஐஜிஇ என்ற நோய். உடம்பெல்லாம் மரு, ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம் என்றால் காட்டா2 என்ற மரபணு.

முதல் சுற்றுப் பரிசோதனை

முதலில், காசு செலவில்லாத ஒன்று. பழைய லிவர் ஃபங்ஷன் டெஸ்ட் ரிப்போர்ட் எப்படியும் ஃபைலில் இருக்கும். அதில் டோட்டல் புரோட்டீன், ஆல்புமின், அதற்குக் கீழே குளோபுலின் என்று ஒரு வரி வரும். எல்லோர் கண்ணும் பிலிருபினில்தான் இருக்கும். குளோபுலின் வரியை யாரும் பார்ப்பதில்லை. அது 2 கிராமுக்குக் கீழே இருந்தால், அதுவும் பல வருட ரிப்போர்ட்களில் அப்படியே இருந்தால், ஆன்டிபாடி குறைவாக இருக்கலாம். இதை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது, ஆனால் அடுத்த பரிசோதனையைக் கேட்க நல்ல காரணம்.

அந்த அடுத்த பரிசோதனையின் பெயர் சீரம் இம்யூனோகுளோபுலின். இம்யூனோகுளோபுலின் என்பது ஆன்டிபாடியின் இன்னொரு பெயர். அதன் வகைகளான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றும் சேர்ந்து எடுப்பார்கள். லேப் கவுண்டரில் இங்கேதான் குழப்பம் வரும். "ஐஜிஜி டெஸ்ட்" என்று மொட்டையாகச் சொன்னால் டெங்கு ஐஜிஜியா, டார்ச் ஐஜிஜியா என்று கேட்பார்கள், அல்லது கேட்காமலேயே எடுத்துவிடுவார்கள். அலர்ஜி பேக்கேஜில் வரும் ஐஜிஇ வேறு. உணவு அலர்ஜி ஐஜிஜி என்று விற்கப்படும் நூறு உணவுப் பட்டியல் முற்றிலும் வேறு, அதில் பணத்தைப் போடாதீர்கள். சீட்டில் "மொத்த ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவு" என்று டாக்டர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஐஜிஜி பொதுவாக டெசிலிட்டருக்கு 700 முதல் 1600 மில்லிகிராம் வரை இருக்கும். லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும். சில லேப்கள் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கொடுக்கும், அப்போது 700 என்பது 7 ஆக இருக்கும். 7 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்துபோய் ராத்திரி தூங்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அலகைப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள். சிவிஐடி என்றால் ஐஜிஜி நன்றாகவே இறங்கி, பலருக்கு 300, 200 என்று நிற்கும். கூடவே ஐஜிஏவோ ஐஜிஎம்மோ அல்லது இரண்டுமோ குறைந்திருக்கும். ஐஜிஏ மட்டும் குறைந்து மற்றதெல்லாம் சரியாக இருந்தால், அந்தக் குறைபாடு உள்ள பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. ஐஜிஜி 650 என்று ஓரத்தில் நின்றாலும் உடனே முடிவுக்கு வரக் கூடாது. குறைவாக வந்த எந்த எண்ணையும் சில வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

இதோடு சேர்த்து, பிறவிக் கோளாறு என்று சொல்லும் முன் மற்ற காரணங்களை ஒதுக்க வேண்டும். உண்மையில் பெரியவர்களுக்கு எதிர்ப்பு குறைய இந்த மற்ற காரணங்கள்தான் அதிகம். சர்க்கரை, எச்.ஐ.வி. இரண்டும் கட்டாயம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிறுநீரக நோயில் ஐஜிஜியும் சேர்ந்து ஒழுகிவிடும். குடல் வழியாகவும் ஒழுகலாம், இரண்டிலும் ஆல்புமினும் இறங்கியிருக்கும். மருந்துகள்: ரிட்டுக்சிமாப், நீண்டகால ஸ்டீராய்டு, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசிபைன். "ஒல்லியாக இருக்கிறாயே" என்று தெரிந்தவர்கள் வாங்கித் தந்த எடை கூட்டும் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நடக்கும், எனவே நாட்டுமருந்து, பொடி எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஐஜிஜி குறைந்தால் ரத்தப் புற்றுநோய் வகைகளையும், நெஞ்சுக்குள் தைமஸ் கட்டியையும் பார்த்துவிடுவார்கள். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் தவிர்க்கக் கூடாத கேள்வி.

யாரிடம் போவது

பெரியவர்களுக்கான நோயெதிர்ப்பியல் டாக்டர்கள் நம் நாட்டில் பெரும்பாலும் ருமட்டாலஜி என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். மேற்படிப்பின் பெயரே கிளினிக்கல் இம்யூனாலஜி மற்றும் ருமட்டாலஜி. மூட்டுவலிக்காரர்கள் வரிசையில் நமக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் இப்படியான துறை இருக்கிறது. ரத்தவியல் டாக்டரும் பார்க்கலாம். நுரையீரல் டாக்டர் ஆர்வம் உள்ளவராக இருந்தால் முதல் சுற்றுக்கு அவரே போதும். சிறப்புப் பரிசோதனைகளுக்கு மும்பையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய இம்யூனோஹெமட்டாலஜி நிறுவனமும், சண்டிகர் பி.ஜி.ஐ.யும் பெயர்பெற்றவை, பெரும்பாலும் நீங்கள் போக வேண்டாம், டாக்டர் மூலமாக ரத்தம் போகும். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் நோயெதிர்ப்பியல் பிரிவு.

அங்கே அடுத்ததாகச் செய்வது ஃப்ளோ சைட்டோமெட்ரி. பி செல், டி செல் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள் எத்தனை இருக்கின்றன என்ற எண்ணிக்கை அது. ஆன்டிபாடி செய்வது பி செல் வம்சம். ஆணுக்கு பி செல்லே இல்லை என்று வந்தால் புரூட்டன் கண்ட அதே நோய், தாமதமாகத் தெரிந்தது என்று யோசிப்பார்கள். இன்னொன்று தடுப்பூசிச் சோதனை: ஒரு தடுப்பூசி போடுவதற்கு முன்பும் சில வாரம் கழித்தும் ஆன்டிபாடி அளந்து, உடம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. நுரையீரலுக்கு சி.டி. ஸ்கேன் ஒன்று அடிப்படையாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். மூச்சுக்குழல் விரிந்துபோகும் பிராங்கியெக்டாசிஸ் எவ்வளவு என்று அதில்தான் தெரியும்.

மரபணுப் பரிசோதனையைப் பற்றி அளவான எதிர்பார்ப்பு வையுங்கள். சிவிஐடியில் பெரும்பாலோருக்குக் குறிப்பிட்ட மரபணு அகப்படுவதில்லை. "முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" என்று ரிப்போர்ட்டில் வந்தால், அதை வைத்துக் கூகுளில் தேடி வாழ்க்கையைத் தீர்மானிக்காதீர்கள். அந்த வரிக்கு அர்த்தம், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்பதுதான்.

முதல் டிரிப்ஸுக்கு முன்னால் கண்டிப்பாக

இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். சிகிச்சை என்பது மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜியை நமக்கு ஏற்றுவது. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ஆன்டிபாடி ஒரே பாட்டிலில் இருக்கும். அது உள்ளே போன பிறகு, உங்கள் ரத்தத்தில் எந்த ஆன்டிபாடியை அளந்தாலும் அது உங்களுடையதா கொடுத்தவர்களுடையதா என்று சொல்ல முடியாது. அதனால் இம்யூனோகுளோபுலின் அளவு, தடுப்பூசிச் சோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள் எல்லாம் ஏற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அவசரத்தில் அட்மிட் ஆகி, நல்ல மனதோடு யாரோ உடனே ஐவிஐஜி என்ற இந்த ஐஜிஜி டிரிப்ஸை ஏற்றிவிட்டு, பிறகு நோய் என்னவென்று உறுதி செய்ய மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஒரு டியூப் ரத்தம் முன்னதாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஆன்டிபாடி செய்யத் தெரியாத உடம்பில், ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனை எல்லாம் "இல்லை" என்றே சொல்லும். டைஃபாய்டுக்கு வைடல், டெங்கு ஐஜிஎம், ஸ்க்ரப் டைஃபஸ் ஐஜிஎம், விரைவு எச்.ஐ.வி. பரிசோதனை எதுவுமே நம்மிடம் நம்பகமில்லை. கிருமியை நேரடியாகத் தேடும் பரிசோதனை வேண்டும்: ரத்தக் கல்ச்சர், டெங்குவுக்கு என்எஸ்1, மற்றவற்றுக்கு பிசிஆர். காய்ச்சலோடு புது டாக்டரிடம் போனால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஏற்றும் நாள்

வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ ஆளுக்கு 24 முதல் 36 கிராம். 5 கிராம் பாட்டிலாக வாங்கினால் ஐந்து முதல் ஏழு. ஐஜிஜி ஏறக்குறைய 21 நாளில் பாதியாகிவிடும் என்பதால்தான் இந்த இடைவெளி.

காலையில் சாப்பிட்டுவிட்டு, முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள். தண்ணீர் குறைந்தால் தலைவலியும் அதிகம், சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து வந்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பார்கள். வெந்நீரில் வைத்துச் சீக்கிரம் சூடேற்ற விடாதீர்கள். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். அனுபவமுள்ள நர்ஸ் அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் மெதுவாக உருட்டுவார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கலங்கலோ துகளோ இருக்கிறதா என்று பார்ப்பார். அப்படிப் பார்க்கிறவர் கிடைத்தால் அந்த வார்டை விடாதீர்கள். பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளில் தொகுதி எண் இருக்கும். அதைக் கிழித்து உங்கள் நோட்டில் தேதி போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். பின்னால் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால், எந்தக் கம்பெனியின் எந்தத் தொகுதி என்பதற்கு அதுதான் சாட்சி.

முதல் அரைமணி நேரம் சொட்டு மிக மெதுவாக ஓடும். பிறகு அரைமணிக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம் பார்த்து வேகத்தைக் கூட்டுவார்கள். சாயங்காலம் ஆகிவிடும். "மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம்" என்று யாராவது திருகைத் திறந்துவிட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர், முதுகுவலி, தலைவலி, படபடப்பு எல்லாம் பெரும்பாலும் வேகத்தால் வருபவை. வேகத்தைக் குறைத்தாலே பாதி அடங்கும். முதல் சில முறை பாராசிட்டமாலும் ஏவில் என்ற அலர்ஜி மருந்தும் முன்கூட்டியே கொடுப்பார்கள். கடும் காய்ச்சலோடு இருக்கும் நாளில் ஏற்றினால் எதிர்வினை அதிகம், டாக்டரிடம் சொல்லித் தள்ளிப்போடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கழுத்து விறைத்து வெளிச்சம் பார்க்க முடியாத தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் அன்று இரவே போக வேண்டும்.

அடுத்த டிரிப்ஸுக்குச் சற்று முன்னால் எடுக்கும் ஐஜிஜிதான் நமக்கு முக்கியமான எண். ஏற்றிய மறுநாள் எடுத்தால் யாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். பொதுவாக 700க்கு மேல் நிறுத்தப் பார்ப்பார்கள். பிராங்கியெக்டாசிஸ் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம் தேவைப்படலாம். எண் நன்றாக இருந்தும் தொற்று வந்துகொண்டே இருந்தால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம், தாளைக் காட்டுங்கள். வயிற்றுத் தோலுக்கடியில் வாரம் ஒருமுறை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், நரம்பு கிடைக்காதவர்களுக்கு அது வரம்.

பணம்

இது வாழ்நாள் செலவு. இனிப்பு தடவிச் சொல்ல வழியில்லை. இந்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில், ஐவிஐஜி தேவைப்படும் பிறவி எதிர்ப்புக் குறைபாடுகள் இடம்பெற்றிருக்கின்றன. குறிப்பிட்ட சிறப்பு மையங்கள் மூலம் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு. தமிழ்நாட்டுக்கு எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அப்படியான மையம். பெரியவர்களின் பதிவு எப்படி நடக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், மருத்துவமனையிலுள்ள அந்தத் திட்டக் கவுண்டரில் ஐவிஐஜிக்கும் உங்கள் நோய்க்கும் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் "கிடைக்காது" என்று சொன்னவர்கள் மனு கொடுத்தபின் தேடிப் பார்த்து மாற்றிச் சொன்னதுண்டு. தனியார் காப்பீட்டில் நோயை மறைத்து பாலிசி எடுக்காதீர்கள். 2024 விதிப்படி ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். ஐபிஎஸ்பிஐ என்ற நோயாளிகள் சங்கம் இந்தியாவில் இருக்கிறது. எந்த ஊரில் மருந்து எப்படிக் கிடைக்கிறது என்ற விஷயத்தில் டாக்டர்களைவிட நோயாளிகளுக்கே அதிகம் தெரியும்.

வீட்டில்

38 டிகிரி, அதாவது 100.4க்கு மேல் காய்ச்சல் என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் சளியைக் கல்ச்சருக்குக் கொடுங்கள். பெரும்பாலும் மற்றவர்களைவிட அதிக நாள் மருந்து தேவைப்படும். டிரிப்ஸ் ஏறியும் தொற்று நிற்காத சிலருக்கு வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுப்பதுண்டு. அதற்கு முன் சளியில் காசநோய் இனக் கிருமி இல்லை என்று பார்த்துவிட வேண்டும். மூச்சுக்குழல் விரிந்தவர்கள் தினமும் சளியை வெளியேற்றும் பிசியோ பயிற்சியை விடக் கூடாது. மருந்துக்குச் சமமான வேலை அது. கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள், ஜியார்டியாவைத் தடுக்க அது நம்பகமான வழி. நாள்பட்ட கிரானுலோமா நோய் உள்ளவர்கள் எருக்குழி, மக்கிய குப்பை, வைக்கோல் போர் பக்கமே போகக் கூடாது. அந்தப் பூஞ்சைத் தூசியை ஒருமுறை நன்றாக மூச்சில் இழுத்தாலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

இம்யூனிட்டி பூஸ்டர் என்று விற்கும் எதுவும் ஐஜிஜி செய்யாது. கசாயம் குடிப்பதில் எனக்கு விரோதமில்லை, மிளகு ரசம் எனக்கும் பிடிக்கும். டிரிப்ஸுக்குப் பதிலாக அதைச் சொல்கிறவர்களிடம் மட்டும் சண்டைக்குப் போங்கள், அல்லது பேச்சை மாற்றிவிடுங்கள்.

தடுப்பூசியில் உயிருள்ள கிருமி வகைகள் டாக்டரைக் கேட்காமல் கூடாது: பிசிஜி, வாய்வழி போலியோ, அம்மைத் தடுப்பூசிகள், மஞ்சள் காய்ச்சல், வாய்வழி டைஃபாய்டு. வருடாந்திர ஃப்ளூ ஊசி செயலிழந்த வகை, அதைப் போட்டுக்கொள்ளலாம், வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. நம் நாட்டுக்கென்று ஒரு கவனம்: போலியோ சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் அந்த வைரஸ் சில வாரம் வெளியேறும். ஆன்டிபாடி இல்லாதவரின் குடலில் அது புகுந்தால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூடத் தங்கலாம். எனவே வீட்டில் கைக்குழந்தை இருந்தால், ஊசி போலியோ மட்டும் போட முடியுமா என்று குழந்தை டாக்டரிடம் முன்பே பேசுங்கள்.

குடும்பத்தில் கேட்க வேண்டியவை

பெரியவர்களை உட்கார வைத்து, சின்ன வயதில் காய்ச்சலிலோ சளியிலோ இறந்த பிள்ளைகள் யார் யார் என்று கேளுங்கள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகைகளில் அம்மா நன்றாக இருப்பார், அவர் சுமப்பவர் மட்டும். பாதிப்பு தாய்மாமன், அக்கா தங்கையின் மகன் என்று போகும். பெயர்கூட வைக்காமல் போன மாமா ஒருவரின் கதை பாட்டிக்கு மட்டுமே தெரிந்திருக்கும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு சேரும் வகைகள் அதிகம் வரும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், ஒரு வம்சப் படம் வரைந்து டாக்டரிடம் கொடுத்தால் போதும்.

சிவிஐடி உள்ள பெண்கள் பிள்ளை பெறலாம், பெறுகிறார்கள். கர்ப்பத்தில் டிரிப்ஸை நிறுத்தக் கூடாது. எடை கூடுவதால் அளவும் கூடும். தாயின் ஐஜிஜி கடைசி மாதங்களில்தான் குழந்தைக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்கிறது. குடும்பத்தில் எந்த வகைப் பிறவி எதிர்ப்புக் குறைபாடு இருந்தாலும் அதைப் பிரசவம் பார்க்கும் இடத்தில் தேதிக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நம் அரசு அட்டவணையில் பிசிஜியும் போலியோ சொட்டும் பிறந்தவுடனே கொடுப்பவை, லேபர் வார்டில் யாரும் உங்களைக் கேட்டுவிட்டுப் போட மாட்டார்கள். குழந்தையின் ரத்தத்தைச் சோதித்து முடிவு வரும்வரை இந்த இரண்டையும் தள்ளிவைக்கலாமா என்பதைக் குழந்தை டாக்டர் சொல்ல வேண்டும், அதுவும் பிரசவத்துக்கு முன்பே கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும்.